துரைசாணிக் குதிரையும் மடக்கிய குடைகளும்

முதலில் கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1951 ஜூலை எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். சந்தேகம் வந்து மறுபடி எண்ணினேன். முந்நூற்று ஒன்பது. மூன்று பேர் ஒதுங்கப் போயிருக்கலாம், அல்லது எனக்கு எண்ணத் தெரியாமல் இருக்கலாம். இரண்டையும் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறேன்.

நல்ல மழை. அநேகமாக எல்லோர் கையிலும் குடை இருந்தது. ஒரு குடைகூட விரிந்திருக்கவில்லை. கைக்குழந்தைக்காரிகள்கூட குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முந்தானையால் பிள்ளையை மூடிக்கொண்டு நின்றார்கள். பொகவந்தலாவையிலிருந்து வந்த பஸ்ஸில் கூரைமேல்கூட ஆள் இருந்ததாம். மஸ்கெலியாவிலிருந்து நடந்தே வந்தவர்களும் இருந்தார்கள்.

இத்தனை பேருக்கும் எதிரே ஒரு குதிரை நின்றது.

குதிரை என்றதும் சாமி ஊர்வலத்துக் குதிரையை நினைக்க வேண்டாம். இது கிழட்டுக் குதிரை. விலா எலும்பை எண்ணலாம். எண்ணினேன். ஒரு பக்கத்துக்குப் பதினான்கு தெரிந்தது. குதிரைக்கு ஒரு பக்கத்துக்குப் பதினெட்டு என்று என் நோட்டில் இருக்கிறது. மீதி நான்கும் உள்ளே எங்கேயோ இருக்க வேண்டும்.

குதிரையின் பெயர் துரைசாணி. அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஆண்டியப்பன். இடுப்பில் காவி வேட்டி, மேலே எந்தத் துரையோ கழித்துப்போட்ட காக்கிக் கோட்டு. கீழ்ப்பாதி கோயிலுக்கு, மேல்பாதி அரசாங்கக் கச்சேரிக்கு என்று ஆளே இரண்டாகத் தைத்த மாதிரி இருந்தார்.

"பன்னெண்டு வருசம் பெரிய தொரையச் சொமந்த குதிரைங்க இது!" என்றார். "தொரை சீமைக்குக் கப்பல் ஏறையில, இதோட காதுல எல்லாத்தையும் சொல்லிப்புட்டுத்தான் போனாரு. கொழும்புல யாரு பேர எழுதப் போறாங்க, யாரு பேர வெட்டப் போறாங்க, அம்புட்டும் இதுக்குத் தெரியும். ஆனா ஒண்ணு. தொரை குதிரை முன்னால எவனாச்சும் கொடை விரிச்சா வாக்கு வராது. சொல்லிப்புட்டேன்!"

இதைக் கேட்டு வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் எங்கள் முதுகில் இருந்தது. துரையின் குதிரைக் குளம்புச் சத்தம் ரோட்டில் கேட்டால் ஆண்கள் தலைத்துண்டை அவிழ்ப்பார்கள். குடை பிடித்தவர்கள் குடையை மடக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்குவார்கள். மழை பெய்தாலும் அப்படித்தான். இப்போதைய துரை ஜீப்புக்கு மாறி இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் சத்தம் கேட்டால் கை தானாகக் குடையை மடக்கிவிடும். அன்றைக்குக் குதிரையின்மேல் யாருமே இல்லை. சேணம் மட்டும் இருந்தது. அந்தக் காலிச் சேணத்துக்கு முந்நூறு பேர் குடையை மடக்கினோம். மடக்கியவர்களில் நானும் ஒருவன். என் குடையில் மூன்று கம்பி இல்லை. அப்படியும் மடக்கினேன்.

கேட்க வந்த கேள்வி ஒன்றுதான். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த வருடமே, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி, தோட்டத்து ஆட்களான எங்களுக்கு நாடு இல்லாமல் போயிற்று. இந்நாட்டுப் பிரஜை ஆக வேண்டுமானால் மனுப்போட வேண்டும். இத்தனை வருடம் இங்கேயே இருந்தோம், பிள்ளைகள் இங்கேயே பிறந்தார்கள் என்று காகிதம் காட்ட வேண்டும். கடைசி நாள் ஆகஸ்ட் ஐந்து. சங்கத்துத் தலைவர்கள் முதலில் போடாதே என்றார்கள், பிறகு போடு என்றார்கள். போட்டால் கிடைக்குமா, போட்டதைக் காட்டியே நம்மைக் கப்பலேற்றிவிடுவார்களா? இதைச் சொல்ல மனிதர் யாரும் இல்லாததால் குதிரையிடம் வந்தோம்.

வாக்குக் கேட்பதில் இரண்டு படி. முதலில் குதிரைக்கு ஞானம் உண்டு என்பதற்குச் சோதனை. வீட்டில் எத்தனை பேர், தோட்டத்துக்கு வந்து எத்தனை வருடம் என்று கேட்டால் குதிரை முன்னங்காலால் அத்தனை தடவை தரையில் தட்டும். சரியாக நிறுத்தும். ஐந்து என்றால் ஐந்து. பத்தொன்பது என்றால் பத்தொன்பது. அடுத்தது மனு. இதை ஆண்டியப்பனே குதிரையின் எதிரே நின்று கேட்பார். ஒரு தட்டு என்றால் போடலாம். இரண்டு தட்டு என்றால் காகிதத்தில் தோசம். தோசம் கழிய, பிறப்புத் துண்டு, கல்யாணத் துண்டு, தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த ஆள்துண்டு என்று எல்லாக் காகிதங்களையும் ஒரு பொட்டலமாகக் கட்டி, துரைசாணியின் சேணத்துக்கு அடியில் தொங்கும் சாக்குகளில் ஒரு மண்டலம் வைக்க வேண்டும். கூடவே ஐந்து ரூபாயும் ஒரு கொத்து அரிசியும்.

யார் கையில் வெள்ளிக் காப்பு கிடந்ததோ அவர்களுக்கெல்லாம் இரண்டு தட்டு விழுந்தது. வெறுங்கைக்காரர்களுக்கு ஒரு தட்டு. இதை அன்றே நாட்குறிப்பில் குறித்திருக்கிறேன். குறித்துவைப்பது வேறு, கவனிப்பது வேறு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதில் என் உத்தியோகம் என்ன என்று கேட்பீர்கள். நான்தான் சிலேட்டுக்காரன்.

என் பெயர் சின்னராசா. வயது இருபது. பகலில், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் மாடியில் கொழுந்து வாட்டப் பரப்புகிறேன். மாலை ஐந்து முதல் ஏழு வரை தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்பில் படிக்கிறேன். தினமும் நாட்குறிப்பு எழுதுங்கள் என்று அங்கே சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட ஒரே மாணவன் நான். நாட்குறிப்பு போதாதென்று இன்னொரு நோட்டும் உண்டு. அதற்கு 'விந்தைத் தகவல்கள்' என்று பெயர் போட்டிருக்கிறேன். மஸ்கெலியா கடைத்தெருவில் மஃறூப் நானா கடையில் சீனி, பருப்பு சுற்றித் தரும் பழைய பத்திரிகைத் தாள்கள்தான் அதற்கு மூலம். பதினான்காம் தகவல்: எட்டுக்கால் சாக்குக் கணவாய்க்கு மூன்று இதயம். இருபத்திரண்டு: ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் மனிதனுக்கு உள்ள அதே ஏழு எலும்புதான். முப்பத்தொன்று: வண்ணத்துப்பூச்சி காலால் ருசி பார்க்கும்.

முப்பத்தேழாம் தகவல்தான் என்னைக் கெடுத்தது. கால் றாத்தல் மல்லி சுற்றி வந்த தாள் அது. ஜெர்மனியில் ஒரு குதிரை கணக்குப் போட்டதாம். கூட்டல், கழித்தல் எல்லாவற்றுக்கும் குளம்பால் தட்டி விடை சொன்னதாம். 1904இல் நிபுணர் குழு ஒன்று வந்து சோதித்து, இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்ததாம். அத்தோடு தாள் முடிந்துவிட்டது.

ஜூலை முதல் தேதி ஆண்டியப்பன் குதிரையோடு வந்து இறங்கியபோது எங்கள் தோட்டத்து இளவட்டங்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். நான் எழுந்து நோட்டைப் பிரித்து முப்பத்தேழாம் தகவலைக் கணீரென்று வாசித்தேன். சிரிப்பு நின்றது. ஜெர்மனிக் குதிரைக்கே தெரியும் என்றால் சீமைத் துரையைச் சுமந்த குதிரைக்குத் தெரியாதா? ஆண்டியப்பன் என்னைக் கட்டிப்பிடித்து, "படிச்ச புள்ளன்னா இதுதான்யா புள்ள!" என்றார். அதுவரை என்னை யாரும் படித்த பிள்ளை என்று சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு நான் விலைபோனேன். என் பிறப்புத் துண்டையும் சேணத்துக்கு அடியில் கொடுத்தேன்.

கேட்க வருகிறவர் தம் விடையை என் காதில் சொல்வார். நான் சிலேட்டில் எழுதிப் பிடித்துக்கொண்டு, குதிரையின் எதிரே போய் நின்று கேள்வியைச் சத்தமாகக் கேட்பேன். குதிரை தட்டி முடித்ததும் சிலேட்டைக் கூட்டத்துக்குத் திருப்பிக் காட்டுவேன். கைதட்டல் வரும். குதிரைக்கு ஒரு கரட் கிடைக்கும். எனக்குக் கரட் கிடைக்காது. ஆனால் கைதட்டலில் பாதி எனக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த எட்டாம் தேதி வீரய்யா அண்ணன் வந்தார். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், சாது. துரைசாணி அவருக்கு இரண்டு தட்டுத் தட்டியது. மூன்று பிள்ளைகளின் பிறப்புத் துண்டு, கல்யாணத் துண்டு எல்லாம் இருந்த பொட்டலத்தை அங்கேயே கொடுத்தார். வீட்டில் சொல்லவில்லை. வீட்டில் இருந்தவர் அவர் மனைவி அம்மாக்கண்ணு அக்கா. இது வீரய்யா அண்ணன் வாழ்க்கையில் செய்த இரண்டாவது பெரிய தவறு என்று அக்காவே பிறகு சொன்னார். முதலாவது எது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்த நாள் மாலை வகுப்பு வாசலில் அக்கா என்னைப் பிடித்தார். முதுகில் கொழுந்துக்கூடை. கம்பளியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது.

"தம்பி, ஒரு மண்டலம்னா எத்தன நாளு?"

"நாப்பத்தெட்டுக்கா."

"நேத்துலயிருந்து நாப்பத்தெட்டுன்னா எந்தத் தேதிக்கு வருது?"

விரலை மடக்கினேன். "ஆகஸ்ட் இருபத்தஞ்சுக்கா."

"மனுவுக்குக் கடைசி நாளு?"

"ஆகஸ்ட் அஞ்..."

"சொல்லு, சொல்லு."

"...சுக்கா."

"படிச்ச புள்ள!" என்றார் அக்கா. ஆண்டியப்பன் சொன்ன அதே வார்த்தைதான். இந்தத் தடவை வேறு மாதிரிக் கேட்டது.

நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். இரண்டு தேதிகளும் ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, அழகான கையெழுத்தில் இருந்தன. அடியில் கோடுகூடப் போட்டிருந்தேன். கழித்துத்தான் பார்க்கவில்லை.

அக்கா ஆண்டியப்பனிடம் போய்ப் பொட்டலத்தைக் கேட்டார். "பாதியில எடுத்தா தோசம் புள்ளைங்க தலையில எறங்கும். எடுக்கணும்னா எடுத்துக்க தாயி, எனக்கென்ன!" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் அக்காவைப் பிடித்து இழுத்தார்கள். வீரய்யா அண்ணன் அழவே ஆரம்பித்துவிட்டார். தேதியைப் பற்றிக் கேட்டதற்கு, "தொரைசாணி வாக்கு இருந்தா கச்சேரியில தேதிய அவங்களே தள்ளி வைப்பாங்க" என்று பதில் வந்தது. கூட்டம் ஆமாம் போட்டது.

பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் நானூறைத் தாண்டியிருந்தது. ஒரே தடவைதான் எண்ணினேன். அம்மாக்கண்ணு அக்கா முன்னால் வந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம். சிலேட்டுல எழுதறத நீங்க பக்கத்துல நின்னு பாக்கறீங்க. கயித்தச் சுண்டி நிறுத்தறீங்களோ என்னமோ! நீங்க அந்தப் பக்கமாப் போயி நில்லுங்க. சின்னராசா மட்டும் கேக்கட்டும்."

கூட்டம் முணுமுணுத்தது. வீரய்யா அண்ணன், "ஏ புள்ள, சும்மா இரு புள்ள" என்று கெஞ்சினார். நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன். இதுவல்லவா சோதனை! ஆண்டியப்பன் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. கயிற்றை வீரய்யா அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்தபடி கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால் போய்விட்டார். அந்த நடை எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதையும் குறித்திருக்கிறேன்.

அக்கா என் காதில், "எங்க லயத்துல பதினேழு காம்பரா" என்றார். வரிசை வீட்டில் பதினேழு அறை. சிலேட்டில் எழுதினேன். குதிரையின் முன்னால் போய் நின்றேன். குடை மடக்கி, தலைத்துண்டு அவிழ்த்து, மழை முகத்தில் வழிய நின்று கேட்டேன்.

"துரைசாணி, அம்மாக்கண்ணு அக்காவின் லயத்தில் எத்தனை காம்பரா?"

குதிரை என்னை உற்றுப் பார்த்தது. தட்டத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. எனக்கு மூச்சு அடைத்தது. பதினைந்து. பதினாறு. பதினேழு. நின்றுவிட்டது!

பெரட்டுக்களமே அதிர்ந்தது. மடுவத்துக்குப் பின்னாலிருந்து ஆண்டியப்பன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தார். "என்ன தாயி, கயிறு சுண்டினது யாரு?" என்று கேட்டார். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரும்பினார். கூடை இல்லாத முதுகோடு அவர் குனிந்து நடந்து போனதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அன்று மட்டும் முப்பத்தொரு குடும்பங்கள் காகிதங்களைக் கொடுத்தன. ஆண்டியப்பன் ஒரு தாளை நீட்டினார். அதில், 'குதிரைக்காரர் இல்லாத இடத்தில் முறைப்படி சோதித்து, இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்று கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஜெர்மனி நிபுணர் குழுவுக்கும் எனக்கும் அன்று வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு குதிரை பொகவந்தலாவைக்குப் போயிற்று. எங்கள் தோட்டத்துக் காகிதங்களும் என் நற்சாட்சிப் பத்திரமும் கூடவே போயின. எனக்கு வேலை இல்லை. முப்பத்தேழாம் தகவலின் மீதியைக் கண்டுபிடித்து, அதையும் சேர்த்து ஒரு சொற்பொழிவாகச் செய்துவிடலாம் என்று மஸ்கெலியாவுக்குப் போனேன். பெருமை எனக்கு அவ்வளவு தலைக்கேறியிருந்தது.

மஃறூப் நானா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மல்லி சுத்தின தாளா? அந்தக் கட்டு உள்ளுக்கு ஈக்கி மகன். தேடி எடுங்க. ஆனா கிழிச்சிப் போடாதீங்க, நான் சீனி சுத்தணும்." பிறகு கேட்டார்: "ஒங்கட தோட்டத்துல ஒரு குதிர வாக்குச் சொல்லுதாமே? நெத்தியில வெள்ளச் சுழி ஈக்கா?"

"இருக்கு நானா. பெரிய துரையைச் சுமந்த குதிரை."

நானா சிரித்தார். "தொரையா? நுவரெலியா ரேஸ்ல நான் மூணு வருஷம் அதுக்குக் காசு கட்டினன் மகன். மூணு வருஷமும் கடைசியா வந்திச்சி. எதிர்காலம் தெரிஞ்ச குதிரன்னா, அத எனக்குச் சொல்லி ஈக்கலாமே!"

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஞானிகள் ஓட்டத்தில் தோற்பது சகஜம் என்று சமாதானம் செய்துகொண்டு தாள்களைப் புரட்டினேன். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கிடைத்தது.

'...அறிக்கை கொடுத்தது' என்பதற்கு அடுத்த வரி இப்படி ஆரம்பித்தது: 'ஆனால்'.

ஆனால், சில வருடங்களில் இன்னொரு ஆராய்ச்சியாளர் வந்து சோதித்தாராம். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவரின் முகம் தெரியாதபடி மறைத்தாலும் தெரியவில்லை. கணக்கைக் குதிரை போடவே இல்லை. தட்டுகிற எண் சரியான விடைக்கு வந்ததும், கேட்பவர் தம்மையறியாமல் தலையை ஒரு மயிரிழை அசைப்பார். குதிரை அதைப் பார்த்து நிறுத்தியது. அவ்வளவுதான்.

கடையின் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று தொங்கியது. அதன் முன்னால் நின்று மனதுக்குள் பதினேழு வரை எண்ணினேன். பதினேழு வந்ததும் என் புருவம் இறங்கியது, மோவாய் குனிந்தது, மூச்சு வெளியே போனது. மயிரிழை எல்லாம் இல்லை. கொடிக்கம்பத்திலிருந்து கொடி இறங்குகிற மாதிரி இருந்தது. அந்தக் குதிரை மேதை என்று நினைத்தேனே! குருட்டு எருமைகூட என் முகத்தைப் படித்திருக்கும்.

பிறகு செய்ததைத்தான் எழுத வெட்கமாக இருக்கிறது. மூன்று நாள் யோசித்தேன். நாட்குறிப்பில் நடுவே கோடு போட்டு, 'சொல்லலாம்' என்று ஒரு பக்கம், 'சொல்லக்கூடாது' என்று ஒரு பக்கம் காரணங்கள் எழுதினேன். 'சொல்லக்கூடாது' பக்கத்தில் பதினொரு காரணங்கள் வந்தன. பதினொன்றும் ஒரே காரணம்தான்: சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். மற்றப் பக்கத்தில் ஒன்றுதான் இருந்தது. வீரய்யா அண்ணனின் மூன்று பிள்ளைகளின் பெயர்கள்.

புதன்கிழமை மாலை அக்காவிடம் தாளைப் படித்துக் காட்டினேன்.

"இது எப்ப கெடச்சிச்சு?"

"ஞாயித்துக்கிழமக்கா."

"இன்னைக்குப் பொதன்."

"யோசிச்சிக்கிட்டு இருந்தேங்கா."

"அடப்பாவி! மலையில தீப்புடிச்சாலும் நீ நோட்டுப் போட்டுத்தான் தண்ணி ஊத்துவ போல இருக்கே!" என்றவர், திடீரென்று சிரித்தார். "அப்ப அன்னைக்கு என்னத் தோக்கடிச்சது குதிரை இல்ல. ஒன் மூஞ்சி."

"ஆமாங்கா."

சோதனைக்கு நான் ஒரு திட்டம் எழுதிவைத்திருந்தேன். ஐந்து கட்டங்கள். குதிரையின் கண்ணைக் கட்டக் கறுப்புத் துணி, கட்ட இரண்டு ஆள், சாட்சிக்கு மூன்று ஆள். அக்கா பாதியிலேயே கையை நீட்டி நிறுத்தினார்.

"மூஞ்சி மறைஞ்சா போதும், அதானே?"

"ஆமாங்கா."

"தம்பி, கொடை முன்னால விரியக்கூடாதுன்னு அந்த ஆளு ஏன் சொன்னான்னு யோசிச்சியா?"

நான் யோசிக்கவில்லை. மூன்று நாள் யோசித்தவன் அதை மட்டும் யோசிக்கவில்லை.

ஜூலை இருபத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. குதிரை எங்கள் பெரட்டுக்களத்துக்குத் திரும்பி வந்திருந்தது. கெடுவுக்கு ஏழு நாள். மழை கொட்டியது. ஐந்நூறு பேர் இருப்பார்கள். அன்று எண்ணவில்லை. சிலேட்டில், 'வாரத்துக்கு எத்தனை நாள்' என்று எழுதி, கீழே ஏழு என்று போட்டு, முதலிலேயே எல்லோருக்கும் காட்டினேன். இது என்ன புதுப் பழக்கம் என்று ஆண்டியப்பன் முறைத்தார்.

துரைசாணியின் எதிரே போய் நின்று கேள்வியைக் கேட்டேன். அது என் முகத்தைப் பார்த்தது. காலைத் தூக்கியது.

அந்த நேரத்தில் எனக்குப் பின்னாலிருந்து வந்த அம்மாக்கண்ணு அக்கா, என் மூஞ்சிக்கும் குதிரை மூஞ்சிக்கும் நடுவில் தம் குடையை விரித்தார்.

பெரட்டுக்களத்தில் குதிரையின் முன்னால் விரிந்த முதல் குடை அது. 'டப்' என்ற சத்தத்துக்கு ஐந்நூறு பேரும் பின்வாங்கினோம். யாரோ ஒரு அம்மா, "ஐயோ மாரியாத்தா!" என்று கத்தினார். குதிரை மிரளவில்லை. நாங்கள்தான் மிரண்டோம்.

குதிரை தட்டியது. கூட்டம் வழக்கம்போல எண்ணியது. அஞ்சு. ஆறு. ஏழு.

எட்டு.

எண்ணிய குரல்களில் பாதி நின்றுவிட்டது. மீதி தொடர்ந்தது. ஒம்பது. பத்து. பதினொண்ணு.

"கொடைய மடக்குடீ! தொரை சாபம் புடிக்கும்!" ஆண்டியப்பன் குதிரையின் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குப் பாய்ந்தார். அக்கா குடையை அந்தப் பக்கம் திருப்பினார். அவர் இந்தப் பக்கம் வந்தார். குடையும் இந்தப் பக்கம் வந்தது. காவி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் சேற்றில் சுற்ற, அக்கா குடையோடு சுற்ற, நடுவில் குதிரை பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருந்தது. இருபத்தெட்டு. இருபத்தொம்பது. அவர் கனைத்தார், இருமினார், கயிற்றை இழுக்கப் போனார். வீரய்யா அண்ணன், அந்தச் சாது, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "விடுங்க சாமி, தொரைசாணி சொல்லட்டும்" என்றார்.

நாற்பத்துமூன்றில் கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது. ஐம்பத்தாறில் குதிரைக்கே அலுத்துப்போய், தலையைக் குனிந்து புல் மேயத் தொடங்கியது.

"இன்னும் முடியல" என்று அக்கா குடையை விலக்கினார். "தம்பி, இப்ப வாரத்துக்கு நாலே நாளுதான்னு நெனச்சிக்கிட்டுக் கேளு."

நினைத்துக்கொண்டேன். கேட்டேன். குதிரை என் முகத்தைப் பார்த்துத் தட்டியது. நான்கில் நின்றது. கரட்டுக்காக வாயை நீட்டியது.

"தொரைக்கு வாரத்துக்கு நாலு நாளுதான்டா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கூவினார். "நமக்குத்தான்டா ஏழு நாளு!" அதற்குப் பிறகு யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அக்கா ஆண்டியப்பன் பக்கம் திரும்பினார். "குதிரைக்கு எதுவும் தெரியாது, சரி. ஒனக்கு எல்லாம் தெரியும். தெரியாமலா கொடைய மடக்கச் சொன்ன?"

ஆண்டியப்பன் கடைசியாக என்னைக் கைகாட்டினார். கோட்டுப் பையிலிருந்து தாளை உருவினார். "நானா சொன்னேன்? இந்தா, படிச்ச புள்ள எழுதிக் குடுத்திருக்கே! ஏமாத்து இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கே! இதக் காட்டித்தானே பொகவந்தலாவையில அறுபது பேரு குடுத்தாங்க!"

ஐந்நூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. குதிரையைக் கேட்டால் சொல்லியிருக்கும்.

"எழுதினது நான்தான்" என்றேன். "முட்டாள்தனமா எழுதினேன். கதையில பாதியைத்தான் படிச்சிருந்தேன்."

சிரிப்பார்கள் என்று பதினொரு காரணம் எழுதியிருந்தேன் அல்லவா? சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். ஆனால் சிரித்துக்கொண்டே சேணத்தை அவிழ்த்தார்கள்.

காகிதங்கள் மழையிலும் குதிரை வேர்வையிலும் ஊறிக் கிடந்தன. வீரய்யா அண்ணனின் பொட்டலத்தில் மூன்று பிறப்புத் துண்டுகளும் பத்திரமாக இருந்தன. அவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, மழை படாமல் சட்டைக்குள் வைத்தார். என் துண்டு மட்டும் சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. பொகவந்தலாவைப் பாதையில் துரைசாணி அதன் ஒரு மூலையைத் தின்றுவிட்டது. நான் பிறந்த வருடம் அதன் வயிற்றுக்குள் போய்விட்டது. எனக்கு வந்த நஷ்டங்களிலேயே நியாயமானது இதுதான்.

பொகவந்தலாவை அறுபது பொட்டலங்களையும் அன்றே ஆள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆண்டியப்பனை யாரும் அடிக்கவில்லை. அரிசி மூட்டையையும் பணப்பையையும் இறக்கி வைத்துக்கொண்டு, கொத்மலைப் பக்கம் நடக்கச் சொன்னார்கள். கிளம்பும்போது அக்கா குதிரைக்கு ஒரு கரட் கொடுத்தார். "பாவம், இது ஒண்ணுதான் பொய் சொல்லல" என்றார்.

அந்த வாரம் வகுப்பில் பாடம் நடக்கவில்லை. மேசைகளைச் சேர்த்துப் போட்டு மனு எழுதினோம். நான் மட்டும் நாற்பத்திரண்டு மனு எழுதினேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். சனிக்கிழமை காலை அக்காவும் அண்ணனும் மற்றவர்களும் ஹட்டன் பஸ் ஏறி, கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்துவிட்டு வந்தார்கள். கிடைக்குமா, கிடைக்காதா? விசாரணைக் கடிதம் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். அதை எனக்கும் சொல்லத் தெரியாது, குதிரைக்கும் தெரியாது. ஆனால் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுவிட்டோம்.

முப்பத்தேழாம் தகவலின் கீழே மீதிப் பாதியையும் எழுதிவிட்டேன். முப்பத்தெட்டாம் தகவல் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. அது இதுதான்: அன்று சேணம் அவிழ்ந்து குதிரை ரோட்டுத் திருப்பத்தில் மறைந்த பிறகும், பெரட்டுக்களத்தில் ஐந்நூறு பேர் மடக்கிய குடையோடு மழையில் நனைந்துகொண்டே நின்றோம். விரிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான்கூடப் பார்த்தேன். அக்காதான், "ஏய்யா, இன்னும் யாரு உத்தரவுக்கு நிக்கறீங்க?" என்று அதட்டினார். அதற்குப் பிறகே ஒவ்வொன்றாக விரிந்தன.

குடையை விரிக்கலாமா என்று குதிரையைக் கேட்கிறவர்களே, குதிரைக்காரனைக் கேட்கிறவர்களே, சிலேட்டோடு நிற்கும் என்னைப் போன்ற படித்த பிள்ளைகளைக் கேட்கிறவர்களே, ஒரே ஒரு தடவை தலையை நிமிர்த்தி, மழை பெய்கிறதா என்று நீங்களே பாருங்கள்!